திரும்பி வரும் மடலும் பதில் மடலும்: நெல்லைச் சீமை வாசகர்களின் கேள்விகளுக்கு விடைகள்

சங்கங்களும் சிறு வணிகர்களும் மொத்தமாக மின்னஞ்சல் அனுப்புவதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியில் வந்து நின்றன. அனுப்புவது எளிதாகிவிட்டது, அனுப்பியபின் திரும்பி வந்து குவிவதை என்ன செய்வது? ஆகவே இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகி: எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத்திலிருந்து மாதம் ஒருமுறை ஏறத்தாழ 6,200 பேருக்கு மின்மடல் அனுப்புகிறோம். மறுநாள் காலையில் சங்கத்தின் இன்பாக்ஸில் மடல் சேரவில்லை என்று சொல்லும் ‘மெயில் டெலிவரி சப்சிஸ்டம்’ மடல்கள் நானூறு, ஐந்நூறு நிறைந்திருக்கின்றன. எழுபது வயதைக் கடந்த எங்கள் செயலாளர் ஐயா அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, எக்செல் தாளில் முகவரியைத் தேடி அழிக்கிறார். இதைத் தானாக நடக்கும்படி செய்ய முடியுமா? எதை அழிப்பது, எதை விட்டுவைப்பது?

விடை: முடியும். அந்தப் பெரியவரை இந்த வேலையிலிருந்து விடுவிப்பதை உங்கள் சங்கம் இந்த மாதமே செய்ய வேண்டும் என்றும் சொல்வேன். அதற்கு முன் ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கடிதத்தின் உள்ளே ‘அனுப்புநர்’ என்று எழுதுவது ஒன்று. உறையின் மேல் எழுதும் அனுப்புநர் முகவரி வேறொன்று. வீடு பூட்டியிருந்தாலோ ஆள் ஊர் மாறிப் போயிருந்தாலோ தபால்காரர் உறையைப் பிரித்து உள்ளே பார்ப்பதில்லை. மேலே எழுதியிருக்கும் முகவரிக்கே, காரணத்தை உறையில் குறித்து, திருப்பிவிடுகிறார். மின்னஞ்சலும், சர்வர்கள் மடலைக் கைமாற்றும் எஸ்எம்டிபி விதிகள் எழுதப்பட்ட 1982-ஆம் ஆண்டிலிருந்து, இந்த முறையிலேயே நடக்கிறது. பெறுபவரின் திரையில் தெரியும் ‘ஃப்ரம்’ முகவரி மடலுக்குள் இருப்பது. சர்வர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும்போது சொல்லும் அனுப்புநர் முகவரி உறையின் மேல் இருப்பது. மடல் சேர்ந்தபின் அது ‘ரிட்டர்ன்-பாத்’ என்ற வரியில் பதிவாகும். சேராத மடலைப் பற்றிய அறிவிப்பு இந்த உறை முகவரிக்கு மட்டுமே வர வேண்டும் என்பது விதி. உங்கள் சங்கத்தில் இரண்டுக்கும் ஒரே முகவரியைக் கொடுத்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அதனால்தான் முன்னாள் மாணவர்கள் எழுதும் பதில்களும் இயந்திரங்கள் எழுதும் அறிவிப்புகளும் ஒரே பெட்டியில் கலந்து கிடக்கின்றன.

எனவே முதல் வேலை பிரித்து வைப்பது. சங்கத்தின் டொமைனுக்கு, அதாவது முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயருக்கு, கீழே ‘பவுன்ஸ்’ (திரும்பல்) என்றோ வேறு பெயரிலோ ஒரு துணை டொமைனை உண்டாக்கி, அதற்கு மடல் வந்துசேர ஓர் எம்எக்ஸ் பதிவும், உங்கள் சர்வர் அதன் பெயரில் அனுப்பலாம் என்று அறிவிக்கும் எஸ்பிஎஃப் பதிவும் வைக்கச் சொல்லுங்கள். எஸ்பிஎஃப் சோதனை உறை முகவரியின் டொமைனைத்தான் பார்க்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். துணை டொமைன் சங்கத்தின் சொந்த டொமைனைச் சேர்ந்ததாகவே இருப்பதால், ‘ஃப்ரம்’ முகவரியின் டொமைனோடு அது பொருந்துகிறதா என்று பார்க்கும் டிமார்க் சோதனையும், அதன் இயல்பான தளர்ந்த பொருத்தத்தில், தடையின்றி நிறைவேறும். ‘ஃப்ரம்’ முகவரி பழையபடி சங்கத்தின் முகவரியாகவே இருக்கட்டும்.

இரண்டாவது வேலை, ஒவ்வொருவருக்கும் செல்லும் உறையின் மேல் வெவ்வேறு அனுப்புநர் முகவரியை எழுதுவது. குயூமெயில் என்ற அஞ்சல் சர்வரை எழுதிய டேனியல் பெர்ன்ஸ்டைன் 1990-களில் பரப்பிய இந்த உத்தியை விஇஆர்பி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். உறுப்பினர் எண் 4127 என்றால் அவருக்குச் செல்லும் உறையின் அனுப்புநர் ‘பவுன்ஸ்+4127’, அடுத்தவருக்கு ‘பவுன்ஸ்+4128’. மடல் திரும்பும்போது எந்த முகவரிக்கு வந்தது என்று பார்த்தாலே யாருடையது என்று தெரிந்துவிடும். திரும்பல் மடலின் உள்ளே எழுதியிருப்பதைத் துருவிப் பார்க்கத் தேவையில்லை. இதன் அருமை உங்களைப் போன்ற பழைய மாணவர் பட்டியல்களில்தான் முழுதாக விளங்கும். ஒருவர் தம் பழைய அலுவலக முகவரிக்கு வரும் மடல்கள் ஜிமெயிலுக்குப் போகும்படி வைத்திருப்பார். அந்த ஜிமெயில் கணக்கு ஒருநாள் இல்லாமல் போகும். திரும்பி வரும் அறிவிப்பில் அந்த ஜிமெயில் முகவரிதான் இருக்கும். அது உங்கள் பட்டியலில் எங்குமே இருக்காது. செயலாளர் ஐயா எக்செல்லில் எவ்வளவு தேடியும் சில முகவரிகள் அகப்படாமல், மாதாமாதம் அதே அறிவிப்புகள் வருவதற்கு இது ஒரு காரணமாக இருக்கும்.

மூன்றாவது, காரணத்தைப் படிப்பது. முறைப்படி எழுதப்பட்ட திரும்பல் மடல் மூன்று பகுதிகளைக் கொண்டது. முதற்பகுதி மனிதர் படிப்பதற்கான விளக்கம். அது எந்த மொழியிலும் எந்த நடையிலும் இருக்கலாம். இரண்டாம் பகுதி இயந்திரம் படிப்பதற்கானது. அதில் ‘ஆக்‌ஷன்’, ‘ஸ்டேட்டஸ்’ என்ற வரிகள் இருக்கும். மூன்றாம் பகுதியில் நாம் அனுப்பிய மடலோ, அனுப்புநர், நாள், பொருள் போன்றவற்றைச் சொல்லும் அதன் தலைப்பு வரிகளோ இருக்கும். இந்த வேலையைத் தானாகச் செய்ய ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரல் எழுதுபவர்கள் முதற்பகுதியில் ‘யூசர் அன்நோன்’ போன்ற சொற்களைத் தேடத் தொடங்கி, நூற்றுக்கணக்கான சொற்றொடர்களைச் சேர்த்துக்கொண்டே போவதைப் பார்த்திருக்கிறேன். அந்த உழைப்பு வீண். இரண்டாம் பகுதியின் ‘ஸ்டேட்டஸ்’ எண்ணை முதலில் படியுங்கள். 2003-இல் வெளியான ஆர்எஃப்சி 3463 என்ற இணைய விதி ஆவணம் அந்த எண்களின் பொருளை வரையறுத்திருக்கிறது. 4 என்று தொடங்கினால் தற்காலிகத் தடை, 5 என்று தொடங்கினால் நிலையான மறுப்பு. 5.1.1 என்றால் அப்படியொரு பெட்டியே இல்லை. 5.1.2 என்றால் அந்த டொமைன் இல்லை, அல்லது மடல் ஏற்பதில்லை. 5.2.2 என்றால் பெட்டி நிறைந்திருக்கிறது. 5.7.1 என்றால் அனுமதி மறுப்பு.

இந்தக் கடைசி எண்ணில்தான் மிகுந்த கவனம் வேண்டும். 5.7.1 ஐந்தில் தொடங்கினாலும் பெறுபவரின் முகவரியில் எந்தக் குறையும் இல்லை. உங்கள் சர்வரின் பெயர் கெட்டிருக்கலாம், எஸ்பிஎஃப் சோதனையோ, மடல் உங்கள் டொமைனுடையது என்று உறுதிசெய்யும் டிகிம் கையெழுத்தோ தவறியிருக்கலாம், மடலை ஸ்பேம் என்று கருதியிருக்கலாம். ஐந்தில் தொடங்கும் எல்லாவற்றையும் அழித்துவிடு என்று ஒரு ஸ்கிரிப்டுக்குக் கட்டளையிட்டால், எஸ்பிஎஃப் போன்ற டொமைன் பதிவுகள் இருக்கும் டிஎன்எஸ்ஸில் ஒரே ஒரு பிழையான பதிவினால் ஒரே இரவில் உங்கள் ஜிமெயில் உறுப்பினர்கள் அனைவரும் பட்டியலிலிருந்து மறைந்துவிடுவார்கள். ஆகவே 5.7 வகை மறுப்புகள் எவரையும் நீக்கக் கூடாது. மாறாக, அவை ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அனுப்புவதையே நிறுத்திவிட்டு, சர்வரைப் பார்த்துக்கொள்பவருக்குத் தகவல் தர வேண்டும்.

‘ஆக்‌ஷன்’ வரியையும் விட்டுவிடாதீர்கள். அதில் ‘ஃபெயில்டு’ என்றிருந்தால்தான் மடல் சேரவில்லை. ‘டிலேய்டு’ என்றிருந்தால், இன்னும் முயன்றுகொண்டிருக்கிறோம் என்று பொருள். பெரும்பாலான சர்வர்கள் நான்கைந்து நாள்கள் வரை முயன்ற பின்னரே கைவிடும். இந்தத் தாமத அறிவிப்பைத் தோல்வியாகக் கணக்கிட்டு, மறுநாள் மடலைப் பெற்றுவிட்ட உறுப்பினரைப் பட்டியலிலிருந்து நீக்கும் தவறு மிகவும் பரவலாக நடக்கிறது.

எப்போது நீக்குவது என்பதற்கு மடல் பட்டியல்களை நடத்தும் மெயில்மேன் என்ற பழம்பெரும் இலவச மென்பொருளின் முறையை முன்மாதிரியாகச் சொல்வார்கள். அதன் 2.1 பதிப்பில், நிலையான மறுப்புக்கு ஒரு புள்ளி, தற்காலிகத் தடைக்கு அரைப் புள்ளி, ஒரு நாளைக்கு ஒருமுறை மட்டுமே கணக்கு. ஐந்து புள்ளிகள் சேர்ந்தால் மடல் நிறுத்தப்படும். ஆனால் ஏழு நாள்களுக்குள் புதிய திரும்பல் வராவிட்டால் பழைய புள்ளிகள் கழிந்துவிடும் என்பதும் அதன் இயல்பான அமைப்பு. நாள்தோறும் மடல் செல்லும் பட்டியலுக்கு அது பொருந்தும். மாதம் ஒருமுறை அனுப்பும் உங்கள் சங்கத்தில் எவருக்கும் ஒரு புள்ளிக்கு மேல் சேரவே சேராது. மெயில்மேன் பயன்படுத்துவதாக இருந்தால் அந்த நாள் அளவை நூறுக்கு மேல் உயர்த்தி, புள்ளி வரம்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதுவதாக இருந்தால், 5.1.1-க்கு முதல் தடவையிலேயே நிறுத்திவைப்பதும், தற்காலிகத் தடைக்கு அடுத்தடுத்த மூன்று மாதங்கள் பொறுப்பதும் உங்கள் அளவுக்குச் சரியாக இருக்கும். பைத்தான் மொழியின் உடன் வரும் நூலகங்களைக் கொண்டே பெட்டியைத் திறக்கவும் இந்தப் பகுதிகளைப் பிரிக்கவும் முடியும். பாளையங்கோட்டையில் கணினி பயிலும் மாணவர்களுக்குப் பஞ்சமில்லை. உங்கள் பள்ளியின் பழைய மாணவர் ஒருவரே இதை ஒரு வாரத்தில் முடித்துக்கொடுப்பார்.

‘நிறுத்திவைப்பது’ என்று சொன்னேனே தவிர, ‘அழிப்பது’ என்று சொல்லவில்லை. முகவரியை எக்செல் தாளிலிருந்து அழித்தால், ஆறு மாதம் கழித்து யாராவது ஒருவர் பழைய தாளை மறுபடி ஏற்றும்போது இறந்த முகவரிகள் எல்லாம் உயிர்பெற்று வந்துவிடும். தடைப்பட்டியல் என்று தனியே ஒன்றை வைத்து, முகவரி, நாள், காரண எண் ஆகியவற்றை அதில் எழுதி, ஒவ்வொரு முறை அனுப்பும் முன்பும் அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கச் செய்யுங்கள். நெடுங்காலமாகக் கைவிடப்பட்ட முகவரிகள் சில, ஸ்பேம் அனுப்புவோரைப் பிடிப்பதற்கான பொறிகளாகப் பின்னாளில் மாற்றப்படுவதுண்டு. இறந்த முகவரிக்கு விடாமல் அனுப்புகிறவரின் பெயர் அதனாலும் கெடுகிறது.

செயலாளர் ஐயாவுக்கு ஒரு வேலை மிச்சமிருக்கும், அதை அவர் விரும்பியே செய்வார் என்று நினைக்கிறேன். நிறுத்திவைக்கப்பட்ட பெயர்களின் பட்டியல் மாதம் ஒருமுறை அவர் கைக்குப் போகட்டும். டொமைன் பெயரில் ஓர் எழுத்து மாறியிருப்பது, புள்ளி விடுபட்டிருப்பது போன்றவற்றை அவர் கண் உடனே பிடிக்கும். மற்றவர்களுக்குத் தொலைபேசியில் பேசிப் புதிய முகவரியைக் கேட்டு வாங்கலாம். ஒரு சங்கத்துக்கு அந்தப் பேச்சே பயன்.

ஸ்கிரிப்ட் தயாரானதும் முதல் இரண்டு மாதங்களுக்கு அது எவரையும் நிறுத்த வேண்டாம். இன்னாரை நிறுத்தியிருப்பேன் என்று எழுதி மட்டும் வைக்கட்டும். அந்தப் பட்டியலைச் சரிபார்த்து நம்பிக்கை வந்தபின் அதிகாரத்தைக் கொடுங்கள். அதற்குப் புரியாத திரும்பல் மடல்களை ஒரு தனி ஃபோல்டரில் போடட்டும், அழிக்க வேண்டாம்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் அறக்கட்டளையின் பட்டியலில் ‘பெட்டி நிறைந்துவிட்டது’ என்று திரும்புபவை அதிகம். பெரும்பாலும் முதியவர்கள். நீக்கிவிடலாமா?

விடை: உடனே வேண்டாம். ஜிமெயில் இலவசக் கணக்கின் 15 ஜிபி இடம் மடல்களுக்கும் டிரைவுக்கும் புகைப்படங்களுக்கும் பொதுவானது. பேரப்பிள்ளைகளின் படங்கள் நிறைந்ததால் மடல் திரும்புகிறவர்கள் பலர் உண்டு. வீட்டில் யாராவது இடத்தை ஒழித்துக் கொடுத்தால் மறுபடி பெறத் தொடங்குவார்கள். மூன்று முறை தொடர்ந்து திரும்பினால் மட்டும் நிறுத்திவைத்து, தொலைபேசியிலோ அஞ்சலட்டையிலோ தெரிவியுங்கள். அதே சமயம், இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து நீக்கக்கூடும் என்று கூகுள் அறிவித்திருக்கிறது. ஆகவே நிறைந்த பெட்டி என்று வந்துகொண்டிருந்த முகவரி ஒருநாள் 5.1.1 என்று வந்தால் அதை முடிந்த கணக்காகக் கொள்ளலாம்.

பத்தமடையிலிருந்து ஒரு வாசகர்: கோரைப்பாய் விற்பனைக்காகப் பழைய வாடிக்கையாளர்களுக்கு மடல் அனுப்புகிறோம். ‘விடுப்பில் இருக்கிறேன்’ என்று தானாக வரும் பதில்கள் நூற்றுக்கணக்கில் வருகின்றன. அவற்றின் நடுவே வந்த ஒரு திருமணப் பாய் ஆர்டரைத் தவறவிட்டுவிட்டோம். மணமக்கள் பெயரை நெய்து கேட்டிருந்தார்கள். முகூர்த்தத்துக்குப் பிறகுதான் மடலைப் பார்த்தோம்.

விடை: மனத்துக்கு வருத்தமான செய்தி. பெயர் நெய்த பாயை முகூர்த்தம் முடிந்தபின் கொடுத்து ஈடுசெய்ய முடியாது. இப்படி ஒன்று மறுபடி நடக்காமல் தடுப்பதற்காகவே பதில் மடல்களைப் பிரிக்க வேண்டும். ‘பதில் அனுப்ப வேண்டாம்’ என்ற பெயரில் ஒரு முகவரியை வைத்துத் தப்பித்துக்கொள்வதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். வாடிக்கையாளர் நம்மோடு பேச முன்வரும் வாசல் அது.

வரும் பதில்களைக் குறைக்க முதலில் அனுப்பும் மடலிலேயே சிலவற்றைச் செய்யலாம். ‘பிரிசிடென்ஸ்: பல்க்’ என்ற தலைப்பு வரியைச் சேர்த்தால் பல தானியங்கிப் பதில் நிரல்கள் வாய் திறக்காது. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் பயன்படுத்தும் அலுவலகங்களுக்கென்று ‘எக்ஸ்-ஆட்டோ-ரெஸ்பான்ஸ்-சப்ரெஸ்’ என்ற வரி இருக்கிறது. அதைச் சேர்த்தால் விடுப்புப் பதில்களை அந்தச் சர்வரே தடுத்துவிடும். இந்த இரண்டு வரிகளுமே கூட்டத்தைப் பெரிதும் குறைக்கும்.

மீதி வருபவற்றை ஸ்கிரிப்ட் வரிசையாகச் சோதிக்க வேண்டும். அந்த வரிசை மாறக் கூடாது. உறையின் அனுப்புநர் வெறுமையாக இருந்து, மடலின் வகை ‘ரிப்போர்ட்’ என்றிருந்தால் அது திரும்பல் மடல். இயந்திரத்துக்கு இயந்திரம் பதில் எழுதி முடிவில்லாமல் சுற்றுவதைத் தடுக்கவே, திரும்பல் மடல்களுக்கு அனுப்புநர் முகவரியை வெறுமையாக விட வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். அடுத்து ‘ஆட்டோ-சப்மிட்டட்’ என்ற வரியைப் பாருங்கள். 2004-இல் வந்த ஆர்எஃப்சி 3834-இன்படி தானியங்கிப் பதில்கள் அந்த வரியைத் தாங்கி வரவேண்டும், அதில் ‘நோ’ என்பதைத் தவிர வேறு எது இருந்தாலும் எழுதியது இயந்திரம். இந்த வரியைச் சேர்க்காத பழைய நிரல்களும் உண்டு. அவற்றுக்காக மட்டுமே பொருள் வரியில் ‘ஆட்டோமேட்டிக் ரிப்ளை’, ‘அவுட் ஆஃப் ஆஃபீஸ்’ என்று தேட வேண்டும். இவற்றில் எதிலும் அகப்படாதது எதுவாயினும் மனிதர் எழுதியது என்று வைத்துக்கொண்டு, உங்கள் கண்ணெதிரே வரும் பெட்டிக்குப் போகட்டும். ஐயம் வந்தால் மனிதர் பக்கமே சாய வேண்டும். பத்து விடுப்புப் பதில்கள் தவறுதலாக உள்ளே வந்தால் பத்து நொடிகள்தான் நட்டம். ஓர் ஆர்டர் தவறுதலாக வெளியே போனால் என்ன நட்டம் என்பதை நீங்களே அனுபவித்துவிட்டீர்கள்.

விடுப்புப் பதில் என்று பிரித்தவற்றையும் படிக்காமல் எறிய வேண்டாம். ‘நான் இந்த நிறுவனத்தை விட்டு விலகிவிட்டேன், இனி இன்னாரைத் தொடர்புகொள்ளவும்’ என்ற செய்தி அந்தக் கூட்டத்தில்தான் வரும். வாரம் ஒருமுறை மேலோட்டமாகப் பார்த்தால் போதும்.

ஆர்டர் கிடைத்தது என்று தானாக நன்றி மடல் அனுப்ப விரும்பினால், அதே ‘ஆட்டோ-சப்மிட்டட்’ வரியை உங்கள் மடலிலும் சேருங்கள். ஒரே முகவரிக்குச் சில நாள்களுக்கு ஒருமுறைக்கு மேல் போகாதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜிமெயிலின் விடுப்புப் பதில்கூட ஒரே நபருக்கு நான்கு நாள்களுக்கு ஒருமுறைதான் போகிறது.

தென்காசியிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் வாசகர் வட்டத்தின் மடலுக்கு ‘இனி வேண்டாம்’ என்று சிலர் பதில் எழுதுகிறார்கள். அந்தச் சொல்லைக் கண்டுபிடித்துத் தானாகப் பெயரை நீக்கும்படி எழுதினேன். தமிழ் மடல்களில் சில நேரம் கண்டுபிடிக்கிறது, சில நேரம் தவறவிடுகிறது. ஏன்?

விடை: தமிழில் வரும் மடல் கம்பியில் தமிழாக வருவதில்லை, பேஸ்64 அல்லது கோட்டட்-பிரிண்டபிள் என்ற குறியீட்டில் ஆங்கில எழுத்துகளும் எண்களுமாக மாறி வருகிறது. அதை மீட்டெடுத்த பின்னரே தேட வேண்டும். பொருள் வரிக்கும் இதுவே பொருந்தும். மீட்டெடுத்தபின்னும் ஒரு சிக்கல் உண்டு. ‘போதும்’ என்ற சொல்லின் ‘போ’வை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஓகாரக் குறி முழுதாக ஒரே குறியாக இருக்கலாம், அல்லது ஏகாரக் குறியும் காலும் தனித்தனிக் குறிகளாக இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே; கணினிக்கு வெவ்வேறு சொற்கள். என்எஃப்சி என்ற முறையில் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத் தேடினால் இந்தக் குறை நீங்கும். நம் பக்கத்து மக்கள் ‘வேணாம்’, ‘அனுப்பாதீங்க’, ‘நிப்பாட்டிருங்க’ என்று பேச்சு வழக்கிலும், ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டச்சு செய்தும் எழுதுவார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு ஒன்றை நானே செய்திருக்கிறேன். நான் உதவிய ஒரு வாசகர் குழுவின் மடலின் அடியில், ‘இம்மடல் வேண்டாம் எனில் தெரிவிக்கவும்’ என்று அச்சிட்டிருந்தோம். பதில் எழுதுபவர்களின் மென்பொருள் நம் மடலையும் கீழே மேற்கோளாக இணைத்து அனுப்புகிறது. அதிலிருந்த ‘வேண்டாம்’ ஸ்கிரிப்டின் கண்ணில் பட்டது. நன்றி சொல்லி எழுதியவர்கள், கட்டுரை அனுப்பியவர்கள், கூட்டத்துக்கு வருவதாகச் சொன்னவர்கள் என்று அக்கறையோடு பதில் எழுதிய அனைவரும் பட்டியலிலிருந்து நீங்கிப்போனார்கள். இரண்டு மாதங்கள் கழித்து ஒருவர் நேரில் கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. மேற்கோள் பகுதியை வெட்டிவிட்டு, அவர்கள் புதிதாக எழுதிய வரிகளில் மட்டும் தேட வேண்டும்; அந்த வரிகளும் சிலவாக இருந்தால் மட்டுமே ஸ்கிரிப்ட் தானாக முடிவெடுக்க வேண்டும். ஒரு பத்தி எழுதியவர் வெறுமனே நிறுத்தச் சொல்லவில்லை, வேறு ஏதோ சொல்கிறார்.

‘அப்பா காலமாகிவிட்டார்கள், இனி இந்த முகவரிக்கு அனுப்ப வேண்டாம்’ என்றும் பதில் வரும். ஸ்கிரிப்ட் மடலை நிறுத்தலாம். அது சரியான செயலும்கூட. ஆனால் அந்த மடலை ஸ்கிரிப்ட் தன்னோடு முடித்துவிடக் கூடாது. ‘உங்கள் வேண்டுகோள் ஏற்கப்பட்டது’ என்ற ஒற்றை வரி இயந்திரத்திடமிருந்து அந்த வீட்டுக்குப் போகக் கூடாது. இருபது ஆண்டுகளாக உங்கள் வட்டத்தில் வாசித்தவராக இருப்பார். தலைவரோ செயலாளரோ தம் கையால் இரண்டு வரி எழுத வேண்டும். ஆகவே நிறுத்தச் சொல்லும் பதில்கள் எல்லாவற்றின் நகலும் மனிதர் பெட்டிக்கும் போகும்படி வையுங்கள்.

உண்மையில் நிறுத்துவதற்கான வழியை இன்னும் எளிதாக்கினால் இந்தப் பதில்களே குறைந்துவிடும். மடலின் தலைப்பு வரிகளில் ‘லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப்’ என்பதையும், 2017-இல் வந்த ஆர்எஃப்சி 8058 சொல்லும் ஒரே சொடுக்கு வரியையும் சேர்த்தால், ஜிமெயிலும் யாகூவும் தம் திரையிலேயே விலகும் பொத்தானைக் காட்டக்கூடும். நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புபவர்களுக்கு 2024-இலிருந்து இது கட்டாயம். விலகச் சொன்னவரை இரண்டு நாள்களுக்குள் விலக்கவும் வேண்டும். பாளையங்கோட்டை வாசகியின் சங்கமும் இந்த எல்லைக்கு அருகில் இருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், இசைவு தருவது எவ்வளவு எளிதோ அதை ஒத்த எளிமையோடு அதைத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும் என்கிறது.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகர்: நாங்கள் அனுப்பாத மடல்களுக்கெல்லாம் திரும்பல் அறிவிப்பு வருகிறது. எங்கள் கணக்கை யாரோ திருடிவிட்டார்களா?

விடை: கடவுச்சொல்லை மாற்றி, அனுப்பிய மடல்களின் பதிவைச் சரிபாருங்கள், ஆனால் திருடியிருக்கத் தேவையில்லை. யார் வேண்டுமானாலும் உறையின் மேல் உங்கள் முகவரியை அனுப்புநராக எழுதிவிட முடியும். சேராத ஸ்பேம் மடல்கள் அப்போது உங்கள் வீட்டுக்குத் திரும்பி வரும். இந்தப் போலித் திரும்பல்களை உங்கள் ஸ்கிரிப்ட் நம்பிவிட்டால் நல்ல உறுப்பினர்களை நிறுத்திவிடும். முதல் விடையில் சொன்ன உறுப்பினர் எண்ணோடு, உங்களுக்கு மட்டுமே தெரிந்த ரகசியச் சொல்லைக் கொண்டு கணக்கிட்ட ஒரு சிறு முத்திரையையும் உறை முகவரியில் சேருங்கள். முத்திரை சரியாக இருந்தால் மட்டுமே அது உங்கள் மடலின் திரும்பல், மற்றவற்றை ஒதுக்கிவிடலாம். ‘4127’ என்ற எண்ணை ஊகித்து ஒருவரை வேண்டுமென்றே பட்டியலிலிருந்து நீக்கும் குறும்பும் இதனால் தடைபடும். டிமார்க் பதிவையும் வையுங்கள். தொடக்கத்தில் ‘நன்’ (எதுவும் செய்யாதே) என்ற நிலையில் வைத்து, உங்கள் சொந்த மடல்கள் அனைத்தும் சோதனையில் தேறுகின்றன என்று அறிக்கைகளில் பார்த்த பின்னரே ‘குவாரன்டைன்’ (ஒதுக்கிவை), அதன்பின் ‘ரிஜெக்ட்’ (ஏற்காதே) என்று இறுக்குங்கள்.

கோவில்பட்டியிலிருந்து ஒரு வாசகர்: கடலைமிட்டாய் விற்பனைக்கு அமேசானின் மொத்த மடல் சேவையான எஸ்இஎஸ் வழியாக அனுப்புகிறோம். அவர்களே திரும்பல்களைப் பார்த்துக்கொள்வார்கள் அல்லவா?

விடை: பாதி மட்டும். நிலையாகத் திரும்பிய முகவரிகளைத் தம் தடைப்பட்டியலில் வைத்து மறுபடி அனுப்பாமல் இருக்கும் வசதி அங்கே உண்டு. ஒவ்வொரு திரும்பலையும், பெறுபவர் தரும் ஸ்பேம் புகாரையும் உடனுக்குடன் உங்கள் நிரலுக்கு அறிவிக்கவும் செய்வார்கள். அதில் ‘பெர்மனன்ட்’, ‘டிரான்சியன்ட்’ என்ற பிரிவு தயாராகவே வருவதால், முதல் விடையில் விவரித்த பிரிக்கும் வேலை உங்களுக்கு மிச்சம். ஆனால் உங்கள் சொந்தத் தரவுத்தளத்தில் அந்தச் செய்தியை எழுதிக்கொள்வது உங்கள் பொறுப்பு. திரும்பல் விகிதம் 5 சதவீதத்தை எட்டினால் கணக்கை ஆய்வில் வைப்பார்கள். 10 சதவீதத்தை எட்டினால் அனுப்புவதையே நிறுத்திவைக்கக்கூடும். பழைய பட்டியலைச் சுத்தம் செய்யாமல் தீபாவளிக்கு முந்திய வாரத்தில் மொத்தமாக அனுப்பி, விற்பனை நேரத்தில் கணக்கு முடங்குவதைத் தவிர்க்க, ஆவணி மாதத்திலேயே சிறு சிறு பகுதிகளாக அனுப்பிப் பார்த்துவிடுங்கள்.

புகார்களின் எல்லை இன்னும் குறுகியது. ஸ்பேம் புகார் விகிதம் 0.3 சதவீதத்தை எட்டவே கூடாது என்று கூகுள் சொல்கிறது, அதாவது ஆயிரத்துக்கு மூன்று, 0.1 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்க வேண்டும் என்பது அதன் அறிவுரை. யார் புகார் செய்தார் என்று ஜிமெயில் தனித்தனியாகச் சொல்வதில்லை; கூகுள் தரும் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் பக்கத்தில் மொத்த விகிதத்தை மட்டுமே பார்க்கலாம்.

மனிதர்கள் எழுதும் பதில்கள் இந்த அறிவிப்புகள் வழியாக வருவதில்லை. அவை நீங்கள் ‘ரிப்ளை-டு’வில் கொடுத்த பெட்டிக்குத்தான் வரும், அங்கே பத்தமடை வாசகருக்குச் சொன்ன அதே பிரிப்பு உங்களுக்கும் தேவைப்படும். எல்லாவற்றையும் அமைத்தபின், திரும்பலையும் புகாரையும் விடுப்புப் பதிலையும் செயற்கையாக உண்டாக்கிச் சோதிக்க எஸ்இஎஸ் தரும் சோதனை முகவரிகளுக்கு ஒவ்வொரு மடலை அனுப்பி, மூன்றும் உங்கள் தரவுத்தளத்தில் சரியான இடத்தில் வந்து விழுகின்றனவா என்று பாருங்கள். அந்தச் சோதனை மடல்கள் உங்கள் திரும்பல் விகிதத்தில் சேராது.